பக்கத்து இருக்கை

பெட்டாயாவெசி,
8 செப்டம்பர் 1996

அன்புள்ள வெய்க்கோ அண்ணாவுக்கு,

உன் விலா எலும்பு சேர்ந்துவிட்டதா? இருமினால் இன்னும் வலிக்கிறது என்று அண்ணி போனில் சொன்னாள். இங்கே என் வீட்டுக்காரர் ஆர்வோ நெஞ்சிலிருந்து இடுப்புவரை பட்டை போட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். காலுறையை நான்தான் மாட்டிவிடுகிறேன். முதுகெலும்பில் ஒரு கணு நசுங்கியிருக்கிறது, நடக்க முடிவதே அதிர்ஷ்டம் என்கிறார் டாக்டர். பள்ளிக்கூடத்தில் அவருடைய கணக்கு வகுப்பை வேறொருவர் எடுக்கிறார்.

கார்ப் பந்தய ராலி அன்று நான் தொத்திறைச்சிக் கடையில் நின்றிருந்தேன். ஒலிபெருக்கியில் உங்கள் வண்டி எண்ணைச் சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டார்கள். அந்த மௌனம் இப்போதும் காதில் இருக்கிறது.

அண்ணா, உன் கையில் ஸ்டியரிங் இருக்கிறது, காலடியில் பிரேக் இருக்கிறது. அவர் மடியில் பாதைக் குறிப்புப் புத்தகம்தான். அடுத்த வளைவு எப்படி என்று குனிந்து படித்துச் சொல்கிறவருக்கு எதிரே மரம் வருவதுகூடத் தெரியாது. அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடாதே. உன்னிடம் மாட்டேன் என்று அவர் சொல்லமாட்டார். அதனால் நான் கேட்கிறேன்.

உலர்த்திய காளான் கொஞ்சம் அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை,
ரைலி


கெவுரூ,
21 செப்டம்பர் 1996

அன்புத் தங்கை ரைலிக்கு,

கோபத்திலும் காளான் அனுப்ப உன்னால்தான் முடியும். சூப்பு வைத்தோம்.

நேற்று ஷெட்டுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். மேட்டில் எழும்பிக் கோணலாக இறங்கினோம். பக்கவாட்டில் மரத்தில் மோதிப் பள்ளத்தில் உருண்டோம். மாப்பிள்ளை பக்கத்துக் கதவு உள்ளே வந்துவிட்டது. ஆனால் உள்ளே இருக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு நசுங்கவில்லை, கூரை எங்கள் தலையைத் தொடவில்லை. பழைய வண்டியாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் உனக்கு வந்திருக்காது.

புது வண்டியில் இருக்கைகளைக் கதவிலிருந்து இன்னும் உள்ளே தள்ளித் தாழ்வாக வைக்கிறார்கள். மோதலை வாங்கிக்கொள்ளக் கதவுக்குள் அமுங்கும் பொருளை அடைக்கிறார்கள். இதைவிடப் பத்திரமாக இருக்கும். பயப்படாதே.

அன்புடன்,
வெய்க்கோ


பெட்டாயாவெசி,
2 அக்டோபர் 1996

அண்ணா,

சுருக்கமாகவே எழுதுகிறேன், உருளைக்கிழங்கு தோண்டுகிற வேலை கிடக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் வண்டி முன்பைவிடப் பத்திரம் என்கிறாய். ஒவ்வொரு வருஷமும் முன்பைவிட வேகமாகப் போகிறாய். அந்தக் கூண்டைக் கட்டியவர்கள் கொடுத்ததையெல்லாம் நீங்கள் வேகமாக்கிச் செலவழித்துவிடுகிறீர்கள். எங்களுக்கென்று என்ன மிச்சம்?

ஃபின்லாந்துக்காரன் காரோடு பிறந்தவன் என்று உடனே ஆரம்பிக்காதே. "பயமா இல்லையா?" என்று அவரைக் கேட்டேன். "உங்கண்ணன் இருக்கான்ல, அப்புறம் என்ன?" என்கிறார். நான் உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்?

ரைலி


கெவுரூ,
19 அக்டோபர் 1996

அன்புள்ள ரைலி,

சொல்லவே கூடாது என்றிருந்த ஒன்றை எழுதுகிறேன். மாப்பிள்ளையிடம் இதைக் கேட்டுவிடாதே.

அந்த மேட்டுக்கு முன்னால் நான் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து வேகத்தைக் குறைக்கத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், கால எடுக்காத. போன தடவ எடுத்தியே, என்னத்தக் கண்ட? விடு, பறக்கட்டும்."

வீட்டில் நாலு முறை கேட்டால் ஒரு முறை பதில் சொல்கிற மனிதர்தான். வண்டிக்குள் வேறு ஆள். பல வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டுதான் வருகிறார். நான் காதில் விழாததுபோலக் காலைக் கொஞ்சம் எடுத்துவிடுவேன். அன்று எடுக்கவில்லை. கால் என்னுடையது, அதனால் பழியும் என்னுடையது.

இனி ஓட்டமாட்டேன், எனக்குப் பயம் வந்துவிட்டது என்று பந்தய அணியிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையிடமும் அதையே சொன்னேன். "பயமா, உனக்கா? பேசாம பால் வண்டி ஓட்டப் போ" என்றார். "போறேன், அதையும் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்றேன். போனை வைத்துவிட்டார்.

ஓட்டுகிறவன் இல்லாவிட்டால் பக்கத்து இருக்கையும் இல்லை. இது உனக்காக என்று அவருக்குத் தெரிய வேண்டாம். கோபம் என்மேலேயே இருக்கட்டும்.

வெய்க்கோ


பெட்டாயாவெசி,
11 மே 1997

அன்புள்ள அண்ணா,

ஏரியில் பனி உடைந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வராததற்கு அண்ணி வருத்தப்பட்டிருப்பாள். அவர் வர மறுத்துவிட்டார். அவரை விட்டுவிட்டு வர எனக்கு மனமில்லை.

இப்போது யாம்சாவிலிருந்து ஒரு பையன் வந்து அவரைக் கேட்டிருக்கிறான். நீலோ என்று பெயர், ஓட்ட ஆரம்பித்து அதிக நாளாகவில்லை. டாக்டரும் சம்மதித்துவிட்டார். ஆகஸ்ட் ராலிக்கு இவர்தான் அவன் பக்கத்தில்.

நீ வேண்டாம் என்றதை மீறி அவரிடம் கேட்டேவிட்டேன். "கால எடுக்காதன்னு சொன்னது நீங்களா?"

"ஆமா."

"ஏன்?"

"பள்ளிக்கூடத்துல நான் பேசறத ஒருத்தனும் கேக்கறதில்ல, ரைலி. ராலில நான் ஒரு வார்த்த சொன்னா வண்டியே திரும்புது."

போன ஞாயிறு நீலோ வீட்டுக்கு வந்தான். நல்ல பிள்ளை. ஏலக்காய் ரொட்டியை ரசித்துத் தின்றான். "ஆர்வோ சார் என்ன சொன்னாலும் அப்படியே கேப்பேன்க்கா" என்று பெருமையாகச் சொன்னான்.

நீ அவர் பேச்சைக் கேட்காதவன். கேட்காமல்தான் இத்தனை வருஷம் அவரை வீடு கொண்டுவந்து சேர்த்தாய். அது தெரியாமல் அவரைக் கூப்பிடாதே என்றேனே. அண்ணா, நீ திரும்பிப் போ. அவரை உன் வண்டியிலேயே ஏற்றிக்கொள்.

உன் தங்கை,
ரைலி


கெவுரூ,
1 ஜூன் 1997

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஷெட்டுக்குத்தான் போனேன். என் இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை, கேட்டால் தருவார்கள். ஹெல்மெட் மாட்டி, புது வண்டி இருக்கையில் உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கினேன். எஞ்சினைக் கிளப்பவே முடியவில்லை. அப்படியே இறங்கிவிட்டேன்.

பயம் என்று எல்லாரிடமும் பொய் சொன்னதாகத்தான் நினைத்திருந்தேன். பொய் இல்லை. பயந்தவன் பக்கத்தில் உட்காருவது அந்தப் பையன் பக்கத்தில் உட்காருவதைவிட ஆபத்து. நீ கேட்டும் முடியவில்லை, ரைலி. மன்னித்துவிடு.

நீலோவைக் கூப்பிட்டுப் பேசினேன். "அவர் சொல்றதெல்லாம் கேக்காதடா, கொஞ்சம் கால எடு" என்றேன். "அப்புறம் எதுக்கு சார் அவர் என் பக்கத்துல?" என்றான். மரியாதையாகத்தான் கேட்டான். யோசித்துப் பார்க்கிறேன் என்றும் சொன்னான். அதற்குமேல் ஒருவனிடம் என்ன வாங்க முடியும்?

ராலி அன்று உன் வீட்டுக்கு வருகிறேன். வண்டிக்குள் இருப்பவனுக்கு ஒரு வளைவு முடிந்தால் அடுத்த வளைவு, அவ்வளவுதான். வெளியே இருப்பவர்கள் அந்த நேரத்தை எப்படிக் கடத்துவார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. காலையிலேயே வந்துவிடுகிறேன்.

வெய்க்கோ