பேட்டரிச் சட்டத்தில் மாட்டிய தோல்பை

திமிமூன்

அன்பு மகள் ஸொஹ்ராவுக்கு, அல்லாஹ் உன்னையும் மருமகனையும் நல்லபடி வைத்திருக்கட்டும். நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், எனக்கு மனசுதான் சரியில்லை. அங்கே குளிர் அதிகமாமே, கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. போன வாரம் லைனே கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டாயே, ஊரில் யாருக்குமே கிடைக்கவில்லை, டவர் செத்துக் கிடந்தது, அது என்னால் வந்த வினை.

டவர் அறை அலமாரியில் நாலு ரெக்டிஃபையர்கள் செருகியிருக்கும், வெளியிலிருந்து வரும் கரண்டை டவருக்கும் பேட்டரிக்கும் தோதாக மாற்றுபவை அவைதான், ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் சுமையைப் பங்கு போட்டுக்கொள்ளும், எதையும் நிறுத்தாமலே கெட்டதை உருவிப் புதியதைச் செருகலாம். எல்லாவற்றையும் கவனிப்பது கன்ட்ரோலர். பேட்டரியில் ஒட்டிய சின்ன சென்சாரை வைத்துச் சூடு பார்க்கும், சூடேறினால் சார்ஜைக் குறைக்கும், குளிர்ந்தால் கூட்டும். அங்கே வேலை பார்க்கும் பெருமையில் இதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான். அந்த நானேதான், எப்போதும் ஏசி ஓடும் அறையாயிற்றே, குடிதண்ணீர் ஜில்லென்று இருக்கும் என்று, ஆட்டுத்தோல் தண்ணீர்ப் பையைக் கொண்டுபோய் பேட்டரிகள் அடுக்கிய இரும்புச் சட்டத்தில் மாட்டினேன். கசிந்த தண்ணீர் சென்சாரைக் குளிரவைக்க, பேட்டரிக்குத்தான் குளிர் என்று நம்பிய கன்ட்ரோலர் கோடை முழுக்கச் சார்ஜை ஏற்றியே வைத்திருக்கிறது. பேட்டரிகள் உப்பி, உள்ளே வறண்டுவிட்டன. வெளிக் கரண்ட் போனதும் ரெக்டிஃபையர்களுக்கு வேலை இல்லை, பேட்டரியும் கைவிட்டது.

பொறியாளர் வருவதற்குள் பையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டேன். பராமரிப்பு சரியில்லை என்றார் அவர். பேட்டரிப் பொறுப்பு லக்தருடையது, உன்னோடு படித்த அதே லக்தர், அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்கிறது மகளே.

நேற்று அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். டீ ஊற்றிக்கொண்டே, "தெரியும் மாமா. சட்டமெல்லாம் ஈரமா இருந்துச்சே. நானுந்தானே தினம் அந்தத் தண்ணியக் குடிச்சேன், உங்கள மட்டும் எப்படிக் காட்டிக் கொடுக்கிறது" என்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மனைவி என் முகத்தையே பார்க்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, பொறியாளரிடம் சொல்லிவிட்டு வந்தால்தான் சோறு என்கிறாள். நாளைக் காலை அத்ராருக்கு, அவர் அலுவலகத்துக்கே போகிறேன். வேலை போனாலும் போகட்டும்.

நீயும் உன் குடும்பமும் தலை நிமிர்ந்து வாழ இறைவன் அருளட்டும். இனி கூப்பிடும்போது என் உடம்பைப் பற்றி விசாரிக்காதே. லக்தர் வேலைக்குப் போகிறானா என்று முதலில் கேள்.

உன் முன்னும் தலைகுனியும் அப்பா,
பூஜெம்மா