கைப்பைக்குள் இரண்டு சிவப்புச் சீட்டுகள்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் நலம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு சேர மாட்டேன் என்கிறது, நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். தங்கை கார் ஓட்டப் பழகுகிறாள், பக்கத்தில் உட்காரும் அப்பா இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே காலைக் கெடுத்துக்கொண்டார் என்பது அவள் கட்சி. போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு, உன் டீம் போர்டில் இரண்டு மாதமாக ஒரு சிவப்புச் சீட்டுகூட இல்லை என்று பெருமையாகச் சொன்னாய். சபாஷ் என்று சொல்லிவிட்டேன், ஆனால் போனை வைத்ததும் என் பழைய ஆபீஸ் போர்டுதான் ஞாபகம் வந்தது. வேலை எங்கே சிக்கினாலும் சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும், காலையில் எல்லாரும் நின்றபடியே அதைப் பேசித் தீர்க்க வேண்டும் என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். அப்படி ஒரு சீட்டை நானே உரித்தெடுத்த கதையை மட்டும் சொல்லவில்லை.

ஆபீஸில் என் டீம் ஒரு மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் செய்தபோது நீ பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாய். டெஸ்டிங் பார்த்த கண்ணாடிக்காரர், அதிகம் பேசாத மனிதர், ஒரே சமயத்தில் பலர் பதிவு செய்தால் எல்லாருக்கும் ஒரே நேரம் கிடைக்கிறது என்று சிவப்புச் சீட்டில் எழுதி ஒட்டினார். மறுநாள் வாடிக்கையாளர் பார்க்க வருகிறார்கள், போர்டு சுத்தமாக இருக்கட்டும், அடுத்த இரண்டு வார வேலைச் சுற்றில் பார்க்கலாம் என்று எடுத்துக் கைப்பையில் போட்டேன். அப்புறம் மறந்தே போனேன். அவரும் மறுபடி ஒட்டவில்லை, ஒட்டி என்ன பயன் என்று தோன்றியிருக்கும். கடைசியில் ஒரே டாக்டரின் அறை வாசலில் ஒரே நேரத்துக்குப் பதினாறு நோயாளிகள் வந்து நின்றார்கள். டெஸ்டிங்கில் இது ஏன் சிக்கவில்லை என்று மேலதிகாரி கேட்டபோது கண்ணாடிக்காரர் என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். 'என் கவனக்குறைவுதான் சார்' என்று அவரே சொல்லிவிட்டார். ஒரு மாதத்தில் வேலையை விட்டுப் போனார், எனக்குப் பதவி உயர்வு வந்தது. அதன்பின் என் டீமில் யாருமே சிவப்புச் சீட்டு ஒட்டவில்லை, அதை நல்ல நிர்வாகம் என்று மார்தட்டிக்கொண்டேன். பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுவிடுமா.

நேற்று அந்தப் பழைய பையைத் தூக்கிப் போடுமுன் உள் ஜிப்பைத் திறந்தால் அந்தச் சீட்டு இருந்தது. கூடவே இன்னொன்று, உன் கையெழுத்தில். ஃபிரிட்ஜ் கதவில் உனக்கும் தங்கைக்கும் அதே மாதிரி போர்டு வைத்திருந்தேனே, 'கணக்கு புரியலம்மா, ஸ்கூலுக்குப் போகவே பயமா இருக்கு' என்று எழுதியிருக்கிறாய். விருந்தாளி வருகிறார்கள் என்று எடுத்திருப்பேன். எடுத்த ஞாபகமே இல்லை, அதுதான் என்னைத் தின்கிறது. அன்றிலிருந்து எப்போது கேட்டாலும் எல்லாம் நல்லாயிருக்கும்மா என்றுதான் சொல்கிறாய்.

கண்ணாடிக்காரரின் நம்பரைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை மேடம் என்றார், திட்டியிருந்தால் தேவலை. அன்றைய மேலதிகாரிக்கும் உண்மையை எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை, முதலாவது சீட்டை நீ உன் கையாலேயே ஒட்டு, உனக்குத் தெரியாத ஒன்றை எழுதி. யாராவது ஒட்டினால் முதலில் நன்றி சொல், வேலை முடிக்க வேண்டிய தேதியை அப்புறம் பேசு.

மனசில் பயமில்லாமல் நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். பல் டாக்டரைப் பார்க்க மறக்காதே. இத்துடன் எழுதாத சிவப்புச் சீட்டு ஒன்று வைத்திருக்கிறேன், அது டீமுக்கு இல்லை, உனக்கு. எழுதி அனுப்பு, யார் வந்தாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா