சின்னவனை மேற்கில் எழுதிய நாள்

ஜூலை 3, வியாழன்

விடிந்ததிலிருந்து சாரல். துணி மூன்று நாளாகக் காயவில்லை. குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு நனைந்துகொண்டு ஆபீஸ். கிழக்குக்கும் மேற்குக்கும் சண்டை தொடங்கிப் பன்னிரண்டு நாள். செங்கோட்டை தாலுகா ஆபீசில் எனக்கு மட்டும் லீவு கிடையாது. சண்டைக்கும் டைப் அடிக்க ஆள் வேண்டுமே.

வாங்க: மெழுகுவர்த்தி, உப்பு, தீப்பெட்டி (கிடைத்தால்), சின்னவனுக்கு இருமல் மருந்து.

பஸ்ஸில் பின் சீட்டுப் பெண்: "குத்தாலத்துல மெயினருவியில பட்டாளத்துக்காரன்தான் குளிக்கான். நம்ம போனா துப்பாக்கியக் காட்டுதான்." சீசன் நேரத்தில் லாட்ஜ் முழுக்க மலையடிவாரத்திலிருந்து ஓடிவந்த குடும்பங்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் மூட்டை தூக்குகிறார்களாம்.

தாத்தாமார் காலத்திலேயே முடிந்திருக்க வேண்டிய சண்டை. மாநிலம் பிரித்தபோது எங்கள் தாலுகா மலைக்குக் கிழக்கே இருக்கிற அரசுக்கா, மேற்கே இருக்கிற அரசுக்கா என்று முடிவாகவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அரசுக்கும் பொதுவாக விட்டார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் நிம்மதியாகப் படுக்கையில் செத்துப்போனார்கள். இப்போது பார்ப்பது நாங்கள்.

ஜூலை 4, வெள்ளி

மழை இல்லை. பேய்க் காற்று. ஆபீஸ் ஜன்னல் கண்ணாடி ஒன்று போச்சு.

உத்தரவு வந்துவிட்டது. மேற்குப் பதிவில் உள்ள இருபது வயது தாண்டிய ஆண்கள் அடுத்த வெள்ளிக்குள் எல்லையில் புளியரை வழியாக அந்தப் பக்கம் போய்விட வேண்டும். இருந்தால் கைது. போனால் அங்கே நேராகப் பட்டாளம். இரண்டு அரசும் உட்கார்ந்து பேசி ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் இதுதான், அவனவன் ஆள் அவனவனுக்கு. லிஸ்ட் டைப் அடிப்பது நான். எங்கள் ஊர் இலத்தூருக்கு முப்பத்தெட்டுப் பேர். பதினேழாவது பெயர் என் இளைய பிள்ளை, சின்னவன்.

எங்கள் தாலுகாவின் கெட்டிக்காரத்தனம் இது. முதல் பிள்ளையைக் கிழக்கில் எழுது, அடுத்ததை மேற்கில் எழுது. இரண்டு ரேஷன் கார்டு, இரண்டு பக்கமும் காலேஜ் சீட்டு. அப்படி எழுதாதவனைப் பிழைக்கத் தெரியாதவன் என்பார்கள். பெரியவன் கிழக்கு, தென்காசியில் போலீஸ். சின்னவன் மேற்குப் பதிவு. அடுத்த வாரம் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே.

வீட்டுக்காரர் லாரிக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். நேரே போய்க் கேட்டேன். "எம்பிள்ளைய மேக்க எழுதிப்போட்டது நீங்கதானே? ரேஷன் அரிசிக்கு ஆசப்பட்டு வித்துட்டியளே." கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். இருபத்தாறு வருஷமாகச் சுவரோடு குடித்தனம்.

ஜூலை 5, சனி

மாவு புளித்துவிட்டது. அவருக்கு அதையே தோசை சுட்டுப் போட்டேன். பிள்ளைக்கு உப்புமா.

எதிர்வீட்டுப் பேச்சியம்மாள் ஆறுதல் சொல்ல வந்தாள். அவளுக்கு இரண்டும் பெண். அந்தத் தெம்பு முகத்தில் வழிகிறது. "ஒனக்கென்ன, ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. எவன் செயிச்சாலும் கவலையில்ல." காப்பி கொடுத்தேன், சர்க்கரை போடாமல். முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனாள்.

சாயங்காலம் சின்னவன் கேட்டான், என்னை மேற்கில் எழுதியது யார் என்று. "ஒங்கப்பா" என்றேன். யோசிக்கவே இல்லை. அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது.

ஜூலை 7, திங்கள்

சாரல். கரண்ட் மூன்று மணி நேரம்தான்.

லிஸ்ட் அடித்து முடித்தேன். முப்பத்தேழு பெயர். பதினேழாவதை விட்டுவிட்டு வரிசை எண்ணை மாற்றி அடித்தேன். ஹெட்கிளார்க் அண்ணாச்சி பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். மீதிப் பேரையும் விட்டிருக்கலாமே என்று மனசு ஒரு நிமிஷம் கேட்டது. அவனவன் அம்மா டைப் படிக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய.

வந்ததும் நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

பேய் மழை. மலைப் பக்கம் சத்தம், இடியா வேறு ஏதாவதா தெரியவில்லை. மீன் வண்டி வரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. சாப்பிடும் சத்தம்கூட.

ஜூலை 9, புதன்

மாட்டிக்கொண்டேன். மேற்குக்காரர்களிடமும் ஒரு பிரதி இருக்கிறதாம். அதில் முப்பத்தெட்டு.

அண்ணாச்சி கதவைச் சாத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். "தாயி, நான் ஒண்ணும் கேக்கல. ரெக்கார்டு ரூம்ல மூல ரிஜிஸ்தர் கெடக்கு. விட்டுப்போனத நீயே பாத்து எழுதிரு." அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

ரெக்கார்டு ரூம் ஒழுகுகிறது. ரிஜிஸ்தரில் பாதிப் பக்கம் பூச்சி அரித்தது. சின்னவன் பக்கத்தை மட்டும் ஒரு பூச்சியும் தொடவில்லை. பெயர், பிறந்த தேதி, பதிவு மேற்கு. பெற்றோர் கையெழுத்து.

என் கையெழுத்து. கடைசி எழுத்தை வால்போல இழுத்து அப்போது நான் போட்ட கையெழுத்து.

அன்றைக்கு அவர் கொல்லத்துக்கு லோடு போயிருந்தார். அவசரப்படாதே, வந்து பேசிக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த வாரம்தான் பேச்சியம்மாள் தன் இரண்டாவதை மேற்கில் எழுதிவிட்டு வந்து பீற்றிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுநாளே போனேன். இரண்டு கிலோ சர்க்கரை கொடுத்தார்கள். பாயசம் வைத்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மறக்கவில்லை. அவர் தலையில் ஏற்றி வைத்திருந்தேன், இத்தனை வருஷமும் அவர் அதை இறக்கி வைக்கவில்லை.

பதினேழாவது பெயரைச் சேர்த்து லிஸ்டை மறுபடி டைப் அடித்தேன்.

ஜூலை 10, வியாழன்

தூறல். கட்டி வைத்தது: சட்டை 4, போர்வை, பல்பொடி, முறுக்கு, இருமல் மருந்து (பாதி பாட்டில்).

பெரியவன் போன் செய்தான். புளியரையில் டூட்டி வேண்டாம் என்று கெஞ்சி எழுதிக்கொடுத்தானாம், தென்காசியிலேயே விட்டுவிட்டார்களாம். தம்பியிடம் பேசுகிறாயா என்றேன். லைன் போய்விட்டது. போனதா வைத்தானா தெரியாது.

அடுப்படியில் அவரிடம், "ரிஜிஸ்தரப் பாத்தேன்."

"ம்."

"தெரியும்னா அவன்கிட்ட ஏன் சொல்லல?"

தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "ரெண்டு பேரையும் வெறுத்துட்டுப் போனாம்னா பொறகு யாருக்காகத் திரும்பி வருவான்?"

இப்படி நல்லவராக நின்று என்னைக் கொல்வதற்கு நாலு அறை விட்டிருக்கலாம். காலையில் நானே அவனிடம் சொல்லிவிடுவேன். சத்தியம்.

ஜூலை 11, வெள்ளி

சாரல். ஆறரை மணி பஸ். ஸ்டாப்பில் முப்பத்தெட்டுப் பேரும் அவரவர் வீட்டாரும். அழுகிற சத்தம் குறைவு, ஒருவரை ஒருவர் ஏசுகிற சத்தம்தான் அதிகம். எவன் எழுதச் சொன்னான், எவள் எழுதச் சொன்னாள். பேச்சியம்மாள் அவள் வீட்டுக்குள் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அவர் குடையை நீட்டினார். பிள்ளை வாங்கவில்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். மூன்று தடவை வாயைத் திறந்தேன்.

படியில் ஏறி நின்று சொன்னான். "நீ இருக்கன்னுதாம்மா இந்த வீட்டுக்குத் திரும்பி வருவேன். அந்த ஆளுக்காக இல்ல."

"சரிலே. இருமல் மருந்த மறக்காமக் குடி" என்றேன்.