மைக்ராஸ்கோப் அறைக்கு ஏழு நிமிட இருட்டு கேட்டு

அனுப்புநர்:
வயரிங் வேலை பார்ப்பவர்,
நான்காம் வார்டு, பதினொன்றாம் படுக்கை.

பெறுநர்:
உயர்திரு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மூன்றாம் மாடி.

பொருள்: வரும் வியாழன் காலை பதினொரு மணிக்குத் தங்கள் அறை விளக்கை ஏழு நிமிடம் அணைத்து வைக்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் இடது சிறுநீரகத்தில் எலுமிச்சம்பழம் அளவு ஒரு கட்டி இருக்கிறது. அது எந்த வகை என்று தெரிந்தால்தான், கட்டியை மட்டும் எடுப்பதா, சிறுநீரகத்தையே எடுப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். அதற்காக இரண்டு முறை முதுகில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, முதலில் வந்தது வெறும் கொழுப்பு என்றார்கள். அடுத்த பத்து நாள் கழித்து, இரண்டாவது நல்ல சதை, ஊசி கட்டியில் விழவில்லை என்றார்கள். நல்ல சதை என்றதும் என் மனைவி சந்தோஷப்பட்டுவிட்டாள். அவளுக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

2. இந்த அலைச்சல் கூடாதென்றே தாங்கள் புது மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். சதையை வழக்கம்போல் மெழுகில் பதிக்காமல், சீவாமல், சாயத்தில் முக்கி அலசி அப்படியே வைத்தால் உயிரணுக்கள் ஒளிர்ந்து தெரியுமாம். ஊசி கட்டியில் விழுந்ததா என்று ஏழு நிமிடத்தில் சொல்லிவிடலாம். விழாவிட்டால் நோயாளி மேசையை விட்டு எழுமுன் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அறை இருட்டாக இருக்க வேண்டும்.

3. ஜன்னல் இல்லாத தங்கள் அறையைப் பலகை வைத்து இரண்டாக்கி, ஒரு பாதியில் மைக்ராஸ்கோப்பை வைத்தவர்கள் சுவிட்சை இரண்டாக்க மறந்துவிட்டார்கள். தங்களுக்கு விளக்கு எரிந்தால் அதற்கும் எரியும். இருபத்தெட்டு வருடம் வயரிங் செய்தவன் என்ற முறையில், அந்த வேலையைச் செய்த புண்ணியவானை ஒருமுறை நேரில் பார்க்க ஆசைப்படுகிறேன்.

4. ஆய்வகத்திலிருந்து இதைப் பற்றி எழுதிக் கொடுத்தார்களாம். பணியாளர் கண்நலன் கருதி எல்லா அறைகளிலும் போதிய வெளிச்சம் இருக்க வேண்டும் என்று பதில் வந்ததாம். "சார் வெளிய போனாத்தான் எங்களுக்கு வேலையே ஓடும்" என்று ஒருவர் சொன்னார். யார் என்று கேட்டால் எனக்கு ஞாபகம் வராது. தாங்கள் வெளியூர்க் கூட்டத்துக்குப் போன இரண்டு நாளில் ஆறு பேருக்கு ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ஆறு பேருக்கும் சதை சரியாகக் கிடைத்ததா என்று மேசையிலேயே தெரிந்துவிட்டது. மற்ற நாட்களில் தாங்கள் காலை ஒன்பது முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை, சாப்பாடும் அங்கேயே. இப்படியோர் அதிகாரி கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

5. வியாழக்கிழமை எனக்கு மூன்றாவது ஊசி. வேடிக்கையாகத்தான் எழுதுகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது, ஐயா. இன்னும் பத்து நாள் ஒன்றும் தெரியாமல் படுத்துக் கிடக்க என்னால் முடியாது.

6. ஆகவே அந்த ஏழு நிமிடத்தைத் தயவுசெய்து தந்துதவ வேண்டுகிறேன். தங்கள் அறை விளக்குக்கு மட்டுமான ஃப்யூஸ் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும், அதற்குப் பூட்டு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் நான் மேசையில் குப்புறக் கிடப்பேன். அன்று என்னைப் பார்க்க என் மச்சான் வருகிறார். அவரும் வயரிங் வேலைதான் பார்க்கிறார் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாள்: செவ்வாய்க்கிழமை
இடம்: தங்கள் அறை வாசல் பெஞ்சு

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்கு வெளியே காத்திருக்கும்,
பதினொன்றாம் படுக்கை (கையொப்பம்)

இணைப்பு: டார்ச் லைட் ஒன்று, புது பேட்டரி போட்டது. தங்கள் கோப்பு வேலை தடைபடக் கூடாது.