முன்யாவோவுக்குப் பாதி, எனக்குப் பாதி

ஏப்ரல் 24, 1935
சோளக்கொல்லையில் களை எடுத்தேன். என் புருஷன் மலூக்கி இருந்தால் பாதி அவர் பங்கு.

வேட்டையில் புதர் அசைந்ததை மான் என்று நினைத்து அவர் கூட்டாளி முன்யாவோ விஷ அம்பு விட்டான். என் புருஷன் போய்விட்டார். முன்யாவோ ஓடிவந்து, "நான்தான் கொன்னேன், அண்ணி!" என்று என் வாசலில் விழுந்து கத்தினான். எங்கள் வழக்கப்படி தவறிக் கொன்றவனும் அப்படித்தான் கத்தவேண்டும். மறைப்பவன்தான் எங்களுக்குக் கொலைகாரன். இரு வீட்டாரும் ஒரே ஆட்டைத் தின்று தீட்டுக் கழிக்கும்வரை அவன் வேறு சாக்குச் சொல்லக்கூடாது. அதற்குள் அவனைப் போலீஸ் கொண்டுபோய்விட்டது.

ஏப்ரல் 29
மச்சாகோஸ் டவுன் சிறைக்குப் போனேன். அரசாங்கம் அமர்த்திய வெள்ளைக்கார வக்கீல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். நீதிபதி கேட்டாலும் முன்யாவோ 'நான்தான் கொன்றேன்' என்று மட்டுமே சொல்வானாம். அப்படியே சொன்னால் தூக்கு.

"தெரியாம நடந்துச்சுன்னு சொல்லித் தொலையேன்டா!"

"தீட்டுக் கழியாம சாக்குச் சொன்னா மலூக்கி என்னைச் சும்மா விடுவானா, அண்ணி?"

மே 1
அவனை மன்னித்துவிட்டேனா? இல்லை. வயிறு எரிகிறது. ஆனால் அவன் தொங்கினால் எனக்கென்ன கிடைக்கும்? அவன் பெண்டாட்டியும் தனியாகக் களை எடுப்பாள், அவ்வளவுதான்.

அவனைத் தொங்க விடமாட்டேன்.

மே 3
பெரியவர்களைக் கூட்டினேன். தீட்டுக் கழிக்கும் ஆட்டில் செத்தவர் வீட்டு ஆண்பிள்ளைதான் முதல் கறித்துண்டைத் தின்னவேண்டும். என் கொழுந்தன் கிதோமே குதித்தான்.

"புத்தி பேதலிச்சுப் போச்சா, அண்ணி? அவன் தொங்கட்டும். நான் வாயில வைக்கமாட்டேன்."

"அப்ப நான் வைக்கிறேன்."

"பொம்பளை தின்னா செல்லாது!"

"செத்தது யார் புருஷன்டா?"

கிழவர்களில் மூத்தவர் எழுந்து வேட்டைநாயை விரட்டுவதுபோலக் கையை வீசினார். "இவகிட்ட யாரு வாயைக் குடுக்கிறது? தின்னட்டும், செல்லும்."

மிஷன் பாதிரியார் கேள்விப்பட்டால் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

மே 6
ஆட்டை அறுத்து, கறித்துண்டைச் சோளக்களிக்குள் பொதித்துச் சிறைக்கு எடுத்துப்போனேன். காவலாளி எங்கள் ஆள், வாசனையிலேயே தெரிந்திருக்கும். "சாப்பாடுதானே? குடுத்துட்டுச் சட்டுனு போம்மா" என்று திரும்பி நின்றுகொண்டார்.

பாதி நான் கடித்தேன். மீதியைக் கம்பிக்குள் நீட்டினேன். ஐயோ, என் புருஷனைக் கொன்றவனோடு — முடியவில்லை. விழுங்கினேன். அவனும் விழுங்கிவிட்டு ஓவென்று அழுதான்.

மே 7
கை கழுவியும் கறி வாசம் போகவில்லை.

ஜூன் 11
இன்று வழக்கு. முன்யாவோ வாயைத் திறந்தான்! புதர், காற்று, மான் தடம் — எல்லாம் சொன்னான். வக்கீலுக்கு நம்பவே முடியவில்லை.

செத்தவன் மனைவி இவனுக்காக ஏன் வந்தாள் என்று நீதிபதி கேட்டார்.

"இவன் அம்பு கொன்னுச்சு, ஐயா. இவன் கொல்ல நினைக்கலை."

தூக்கு இல்லை. ஒன்றரை வருடம் சிறை. தவறிச் செய்ததற்குச் சிறை எதற்கு என்று எங்கள் கிழவர்கள் முணுமுணுத்தார்கள். கிதோமே என் முகத்தில் விழிக்காமல் போய்விட்டான்.

ஆகஸ்ட் 2
கிதோமே இன்னும் பேசவில்லை. போகட்டும்.

டிசம்பர் 14, 1936
விடிந்ததும் கொல்லைக்குப் போனால் யாரோ ஒருவன் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தான். முன்யாவோ. இளைத்துப் பாதியாகிவிட்டான். நிமிரவே இல்லை.

"இந்தப் பாதி என்னோடது, அண்ணி."

மதியம் சோளமும் பயறும் வேகவைத்துச் சட்டியோடு நடுவில் வைத்தேன். வேலியோரம் கிதோமே நின்றிருந்தான். நான் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்து உட்கார்ந்து, முன்யாவோ கைவைத்த சட்டியிலேயே கைவைத்தான்.

"உப்புப் பத்தலை, அண்ணி" என்றான்.