ஏழு நிபுணர்களும் ஒரு செங்கல் குழாயும்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். நீயும் உன் வீட்டாரும் நலம்தானே? "மீட்டிங்ல இருக்கேன்க்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று நீ போனை வைத்து ஒன்பது நாளாகிறது. கடிதமென்றால் மீட்டிங் நடந்தாலும் வந்து சேர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வாழ்த்து. இந்த நகரத்தில் அடுத்த பத்து வருடத்துக்கு எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்று ஆலோசனை சொல்லும் நிபுணர் குழுவுக்கு நீ தலைவர். நாளிதழில் அரைப் பக்கத்துக்கு ஏழு பேரின் படமும் வாழ்க்கைக் குறிப்பும் போட்டிருந்தார்கள். ஆபீசில் "மேடம், இவரு உங்க தம்பியா?" என்று வரிசையாக வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் குறிப்புகளைப் படித்தேன். நீ நிதித்துறை. இன்னொருவர் வங்கியின் முன்னாள் துணைத்தலைவர். விமான நிலையங்களை வடிவமைத்தவர், வழக்கறிஞர், காப்பீட்டுக்காரர், போக்குவரத்துப் பேராசிரியர், விளம்பர நிறுவனம் நடத்தியவர். வங்கிக்காரர் "பைப்லைனில் நீண்ட அனுபவம்" என்று போட்டிருந்ததால் ஆசையாகப் படித்தேன். வரப்போகும் ஒப்பந்தங்களின் வரிசையைத்தான் அப்படிச் சொல்வார்களாம்.

நான் இருபத்தாறு வருடமாகப் பாதாளச் சாக்கடைப் பிரிவில் இருக்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். கிழக்குச் சாலைக்கு அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் குழாய் போகிறது. எழுபது வயது. மூன்று மாதமாக நீரேற்று நிலையத்துச் சல்லடையில் மஞ்சள் மண் வந்து விழுகிறது. குழாயின் மேல்வளைவில் செங்கல் பெயர்ந்து, சாலைக்கு அடியிலிருக்கும் மண் உள்ளே கொட்டுகிறது என்று அர்த்தம். மேலே தார் இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. என் அதிகாரியிடம் சொன்னேன். "நிபுணர் குழு முடிவு பண்ணட்டும்மா. அதுவரைக்கும் பெரிய வேலை எதையும் தொடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார்.

அந்தக் குழுவே நீதானே? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பைப்லைன் விஷயத்தை என் மனைவியிடமும் சொன்னேன்.

உன்னைக் குழுவில் சேர்க்கலாம் என்றால் அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும், இயக்குநர் பதவியில் பதினைந்து வருடம் இருந்திருக்க வேண்டும். விதியை எழுதியது நான் இல்லை. உன் டிப்ளமோவை வைத்துக்கொண்டு என்னால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் சிறப்பு அழைப்பாளராக உன்னைக் கூப்பிடலாம். ஓட்டுக் கிடையாது, பேசலாம். இருபத்தெட்டாம் தேதி வா. மண் விஷயத்தை ஒரு குறிப்பாக எழுதிக் கொடு. கொஞ்சம் கோபத்தைக் குறைத்து எழுது, புண்ணியமாகப் போகும்.

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடம் நேரில் சொல்லலாம் என்று லிஃப்ட் வாசலில் நின்றேன். நீ காப்பீட்டுக்காரரோடு பேசிக்கொண்டே போய்விட்டாய்.

கூட்டம் இரண்டு மணி நேரம். அதில் ஐம்பது நிமிடம் ஏழு பேரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். யார் எந்த நாட்டில் என்ன கட்டினார், எந்த மேடையில் யாரோடு உட்கார்ந்தார் என்று முடியவே இல்லை. எனக்குக் கொடுத்தது நான்கு நிமிடம். கண்ணாடிப் பாட்டிலில் அந்த மண்ணைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். விமான நிலையக்காரர் தன் காபிக் கோப்பையைத் தள்ளி வைத்துக்கொண்டார். பேராசிரியர் மட்டும் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "எவ்ளோ நாளா வருது?" என்று அவர் கேட்ட நேரத்தில் விளம்பரக்காரர் குறுக்கே புகுந்தார்.

"மேடம், சாக்கடையை ரிப்பன் வெட்டித் திறந்து வைக்க முடியாதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சத்தம் வரவில்லை, ஆனால் உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா?

ஆற்றங்கரை நடைபாதை முதல் கட்டம். மேம்பாலம் இரண்டாம் கட்டம். என் குழாய் மூன்றாம் கட்டத்தில், ஏழாவது வருடம். ஏழு வருடம் பொறுத்துக்கொள்கிறாயா என்று குழாயிடம் யார் போய்க் கேட்டார்கள்? மழை பெய்தால் சாலை நடுவே முட்டை வடிவத்தில் தண்ணீர் தேங்குகிறது. அந்த இடம் உட்கார ஆரம்பித்துவிட்டது. அதன் மேல் தினமும் நானூறு பேருந்து போகிறது.

ஆகவே நேற்றே குறிப்பைக் கொடுத்துவிட்டேன். கிழக்குச் சாலையில் கனரக வண்டிகளை உடனே நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். இந்த ஏழு பேரில் நிலத்துக்கு அடியில் வேலை பார்த்தவர் ஒருவர்கூட இல்லை என்றும் எழுதியிருக்கிறேன். கோபத்தைக் குறைக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை.

அக்கா


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் குறிப்பு ஏழு பேர் கைக்கும் போய்விட்டது. வழக்கறிஞர் அதை அவமதிப்பு என்கிறார். தலைவரின் அக்கா என்பதால்தான் இவ்வளவு துணிச்சல் என்று வங்கிக்காரர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். மேயர் அலுவலகத்திலிருந்தும் போன் வந்தது. இந்தக் குழு உடைந்தால் எனக்கு இனி எந்த நகரத்திலும் இப்படி ஒரு பொறுப்பு வராது.

மண் வருவது எனக்குப் புரியாமல் இல்லை. அறிக்கை வெளியானதும் உன் குழாயை இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுவருகிறேன், சத்தியமாக. இப்போதைக்கு அந்தக் குறிப்பைத் திரும்ப வாங்கிக்கொள். அது கோப்பில் இருந்தால் நான் பதில் சொல்லியாக வேண்டும். என்னிடம் பதில் இல்லை.

எனக்காக, அக்கா.

தம்பி


ஏப்ரல் 15

தம்பிக்கு,

திரும்ப வாங்கிவிட்டேன். உன் உதவியாளர் கோப்பிலிருந்து பிரித்துக் கையில் கொடுத்தார், ரொம்ப மரியாதையாக.

எங்கள் பிரிவு மேஸ்திரியை மட்டும் தினமும் காலையில் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

அக்கா


ஜூலை 2

தம்பிக்கு,

நீ பதினோரு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை. பேசினால் கத்திவிடுவேன் என்று பயம்.

நாளிதழில் வராததைச் சொல்கிறேன். ஜூன் பதினேழு காலை எட்டே முக்காலுக்கு மேஸ்திரி போன் செய்தார். "மேடம், ரோட்டுல விரல் நுழையற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கு." தடுப்பு வையுங்கள், பேருந்தை நிறுத்துங்கள் என்றேன். இரண்டு பேருந்தை நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடுப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது சாலை அவரோடு உள்ளே போய்விட்டது. வெளியே எடுக்க ஐந்து மணி நேரம் ஆனது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, வாய் முழுக்க அந்த மஞ்சள் மண். என்னோடு பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர்.

அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

தெரியும் என்றேன். கையை விட்டுவிட்டார்.

மறுநாள் விபத்தைப் பற்றி உங்கள் குழுவின் அறிக்கை வந்தது. "முன்னெச்சரிக்கை எதுவும் குழுவின் பார்வைக்கு வரவில்லை." கீழே உன் கையெழுத்து. மூன்று தடவை படித்தேன். நீயா எழுதினாய், வழக்கறிஞர் எழுதி நீட்டினாரா என்று எனக்குத் தெரிய வேண்டாம்.

விசாரணை அதிகாரியிடம் என் குறிப்பைக் கொண்டுபோனேன். அதில் பெற்றுக்கொண்ட முத்திரை இல்லை. "இதை நீங்க நேத்துகூட எழுதியிருக்கலாமே" என்கிறார். அவர் கேட்பது நியாயம்தான். வேறு வழியில்லாமல் நம் கடிதங்களைக் கொடுக்கப் போகிறேன். நான் எழுதியவற்றுக்கு நகல் இருக்கிறது, ஆபீஸ் பழக்கம். உன் மார்ச் மாதத்துப் பதிலும் இருக்கிறது. நீ அதில் மண் என்று எழுதியிருக்கிறாய், தேதி போட்டிருக்கிறாய். எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும் என்பதற்கு அது போதும்.

ஏப்ரல் ஒன்பது கடிதத்தை மட்டும் கொடுக்கப் போவதில்லை. அதைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். சரியா தப்பா என்று தெரியவில்லை. திரும்ப வாங்கச் சொன்னது நீ, வாங்கியது நான். உன்னைத் திட்ட உட்கார்ந்தால் பாதி என் மேலேயே வந்து விழுகிறது.

வியாழக்கிழமை விசாரணை. உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக் கூடாது என்பதற்காக எழுதினேன்.

அக்கா


ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

வழக்கறிஞர்தான் எழுதினார். கையெழுத்துப் போட்டது நான். படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஏப்ரல் ஒன்பது கடிதத்துக்கு என்னிடம் நகல் இல்லை. ஆனால் ஒரு வரிகூட மறக்கவில்லை. நினைவிலிருந்து அப்படியே மறுபடி எழுதி, கையெழுத்துப் போட்டு, விசாரணை அதிகாரிக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். மூலக் கடிதம் உன்னிடம் இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறேன். கேட்பார்கள். கொடுத்துவிடு. ஒளித்து வைத்தாய் என்று உன்மேல் பழி வரக் கூடாது.

வங்கிக்காரர் போனில் வாய்க்கு வந்தபடி பேசினார். பேராசிரியர் மட்டும் தானும் சாட்சி சொல்வதாகச் சொன்னார். இதனால் எனக்கு என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

மேஸ்திரி வீட்டு முகவரியை உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயாகக் கொடுத்தால் போகிறேன்.

வியாழக்கிழமை நானும் வருவேன். நீ என் பக்கத்தில் உட்கார வேண்டியதில்லை. பத்து மணி என்று சொல்லிவிட்டு மத்தியானம் வரை காக்க வைப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வா.

தம்பி