யார் சொன்னது என்று சொல்லித்தான் வாசித்தோம், அண்ணை

என் அன்பு யோசப் அண்ணைக்கு,

உங்கள் செத்தவீட்டில் ஆகக் கூட அழுதவன் நான்தான் என்று இந்த டென்மார்க் ஊர் பிரெடெரிசியா முழுக்கக் கதை. மறுக்கவில்லை. ஆனால் பாதிதான் துக்கம், மிச்சம் பயம். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, வானொலி நிலையத்துக்குப் பொறுப்பான இங்கர் என் தோளில் தட்டி, இனிச் சனிக்கிழமைத் தமிழ்ச் செய்தியை நீதான் வாசிக்க வேண்டும் என்றார். அதற்குப் பிறகுதான் என் சத்தம் கூடியது. சனம் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டது. நானும் திருத்தப் போகவில்லை.

வாரத்தில் அரை மணித்தியாலம். அதற்காக எவ்வளவு மினக்கெட்டீர்கள். ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதை யார் சொன்னது என்று சொல்ல வேண்டும். அரசாங்கம் சொல்கிறது. இயக்கம் சொல்கிறது. தப்பி வந்தவர் சொல்கிறார். ஒன்றும் உறுதியில்லை என்றால், "எங்களுக்குத் தெரியாது." அதனால் சனம் உங்களைத் 'தெரியாது மாஸ்ரர்' என்று நக்கலடித்தது. அந்தப் பட்டத்தை வைத்தவன் நான்தான் என்பதையும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

மாதா கோயில் பாட்டுக்குழுவில் எல்லாரையும் முந்திப் பாடுகிற ரெஜினா அக்காவை மறந்திருக்க மாட்டீர்கள். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அப்போது மன்னாரில், அக்காவின் தாயாரோடு. அவர்களை இங்கே கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் அசையாமல் கிடந்தது. ஊரில் ஷெல் விழுந்தால், எங்கே விழுந்தது என்று கேட்க அவருக்கு அந்த அரை மணித்தியாலம்தான் இருந்தது.

நான் வாசிக்கத் தொடங்கி மூன்றாவது கிழமை, எங்கள் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற செல்வம் நிலையப் படியில் என்னை மறித்தான். கையில் மடித்த கடதாசி. ஊரில் எல்லைக் கிராமமொன்றில் நித்திரையில் கிடந்த சிங்களக் குடும்பங்களை வெட்டிய செய்தி வந்திருந்த நேரம்.

"அன்ரன் அண்ணை, வாற சனிக்கிழமை இதை வாசியுங்கோ. அந்தக் கிராமத்துச் செய்தி வேண்டாம்."

"ஏன் தம்பி, நடக்கேல்லையோ?"

"நடந்ததோ இல்லையோ, அதை எங்கட வாயால ஏன் சொல்லுவான்? டெனிஸ்காரன் கேட்டா என்ன நினைப்பான்?"

"நான் தமிழிலயெல்லோ வாசிக்கிறன். கேக்கிற ஒரே டெனிஸ்காரி இங்கர். அவவுக்கும் விளங்காது."

"பகிடி விடாதேங்கோ. உங்களுக்கு ஏலாட்டி நாங்கள் எடுத்து நடத்துறம். ஆள் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பயந்தவன் வேறென்ன சொல்வான்? ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ரெஜினா அக்காவுக்கு மட்டும் சொன்னேன். ஞாயிறு பூசை முடிவதற்குள் கதை ஓகூஸ் நகரம் வரைக்கும் போய்விட்டது. கோயில் வாசலில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாசிக்கப் போறியோ இல்லையோ?"

"எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா."

"எனக்கும்தான். ஆனா எங்கட ஆக்கள் செய்ததை நீ மறைச்சா, நாளைக்கு மன்னாரில என்ரை பிள்ளையள் இருக்கிற பக்கம் ஒண்டும் நடக்கேல்லை எண்டு நீ சொல்லேக்க நான் எப்பிடி நம்புறது?"

வாசிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், அண்ணை.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால் படி நிறையச் சனம். கத்தோலிக்கரும் பெந்தகொஸ்தே ஆட்களும் சண்டை பிடிக்காமல் ஒரே படியில் இருந்ததை அன்றுதான் கண்டேன். அக்கா ஒரு சட்டி ரோல்ஸ் கொண்டுவந்திருந்தார். யாருக்கோ பிறந்தநாள் என்று நினைத்து இங்கர் இரண்டு சாப்பிட்டார். நான் வாசித்தேன். தப்பியவர்கள் சொல்கிறார்கள், வந்தவர்கள் இயக்கத்தினர். இயக்கம் மறுக்கிறது. இறந்தவர்களில் குழந்தைகளும் உண்டு. அடுத்து ஆமியின் ஷெல்லடி, அதே குரலில்.

அதற்குப் பிறகு இரண்டு பேர் என்னோடு கதைப்பதில்லை. அதில் ஒருவர் கதைக்காதது நிம்மதி. அரை மணித்தியாலம் இன்னும் எங்களுடையதுதான். ஊரில் எந்தப் பக்கத்து வானொலி தன் பக்கத்துப் பிழையைச் சொல்லும்? நாங்கள் சொன்னோம். நெஞ்சை நிமிர்த்தித்தான் எழுதுகிறேன்.

இப்போது இங்கே எங்கள் குடும்பங்களின் விண்ணப்பங்களை ஏன் கிடப்பில் போட்டார்கள் என்று விசாரணை நடக்கிறது. டெனிஸ் வானொலி தன் நாட்டு அமைச்சரையே கேள்வி கேட்கிறது. நாங்களும் வாசிக்கிறோம்: அமைச்சர் சொல்கிறார், அதிகாரிகள் சொல்கிறார்கள். ரெஜினா அக்காவின் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சின்னவன் தாய்க்கு டெனிஸில்தான் பதில் சொல்கிறானாம். அதற்கும் அக்கா என்னைத்தான் ஏசுகிறார்.

நீங்கள் இருந்திருந்தால் அன்று அவ்வளவு சனம் வந்திருக்குமோ? தெரியாது.

யார் சொன்னது என்று சொல்லாமல் ஒரு வரியும் என் வாயால் போகாது, அண்ணை. இது என் வாக்கு.

உங்கள் பட்டப்பெயரையும் சேர்த்துச் சுமக்கும் தம்பி,
அன்ரன்

இதை மறைத்தால் நீங்கள் விடமாட்டீர்கள்: செல்வத்தை மறிக்கத்தான் அத்தனை பேரும் படியில் இருந்தார்கள். அவன் அந்தப் பக்கமே வரவில்லை. எனக்கு அந்தச் சனிக்கிழமை தொழிற்சாலையில் வேலை. நான் வாசிக்கப் போகவென்று, என் இடத்தில் நின்று பெட்டி அடுக்கியவன் அவன்தான்.